வாடகைப் பேயும் துணிக்குதிரையும்

1979 இல் மைக்கேல் டார்பிஷயர் என்ற ஆங்கில நடிகர் காலமானார். அப்போது அவர் தொலைக்காட்சியில் செய்துகொண்டிருந்த வேடம், ஏற்கெனவே செத்துப்போன ஒரு மனிதருடையது. பிபிசியில் சிறுவர்களுக்காக வந்துகொண்டிருந்த 'ரென்டாகோஸ்ட்' என்ற நகைச்சுவைத் தொடரில், விக்டோரியா மகாராணி காலத்துக் கனவான் ஹூபர்ட் டேவன்போர்ட்டின் ஆவியாக வந்தவர் அவர். அவர் மறைவுக்குப் பிறகு, கதையின் நாயகனாக நடித்த ஆன்டனி ஜாக்சனும் விலகிக்கொண்டார். ஆரம்பத்தில் இருந்த மூன்று பேய்களில் ஒன்றுதான் மிச்சம். சாதாரணமாக இந்த இடத்தில் கடையைச் சாத்தியிருப்பார்கள். சாத்தவில்லை. 1984 நவம்பர் வரை தொடர் ஓடியது.

நன்றாக ஓடிய எந்தத் தொடரைப் பற்றியும் ரசிகர்கள் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: "பழைய ஆளுங்க போனதும் எல்லாம் போச்சு." ரென்டாகோஸ்ட் விஷயத்தில் இது உண்மைதான். ஆனால் அந்த 'எல்லாம்' என்ன என்று யாரும் நின்று பார்ப்பதில்லை. புதிதாக வந்தவர்கள் திறமையில் குறைந்தவர்கள் இல்லை. சிலர் முன்னவர்களைவிடப் பெயர் பெற்றவர்கள். அப்படியென்றால் போனது என்ன?

முதலில் கதை. 1976 ஜனவரி 6 அன்று ஒளிபரப்பான முதல் பகுதியில் ஃப்ரெட் மம்ஃபோர்ட் என்பவன் அறிமுகமாகிறான். உயிரோடு இருந்தபோது எதிலுமே உருப்படாதவன். அண்மையில்தான் செத்திருக்கிறான். வாழும்போது முடியாததைச் செத்த பிறகாவது சாதித்துவிடலாம் என்று ஒரு தொழில் தொடங்குகிறான்: பேய்களை வாடகைக்கு விடும் நிறுவனம். மாளிகைக்குப் பேய் வேண்டுமா, விருந்தாளிகளைப் பயமுறுத்த வேண்டுமா, கூப்பிடுங்கள். தொடரின் தலைப்புப் பாட்டே இந்த விளம்பரம்தான். நிறுவனத்துக்கு ஒரு அறை வேண்டும். அறைக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு, ஹெரால்ட் மீக்கர். செத்தவனாக இருந்தாலும் வாடகை கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

அது பிரிட்டன் கையேந்தி நின்ற வருஷம். 1976 இல்தான் அந்த நாடு சர்வதேச நாணய நிதியத்திடம் 390 கோடி டாலர் கடன் கேட்டது. வேலையில்லாத அப்பாக்கள், மூடிய கடைகள், கடனில் ஓடும் சிறு தொழில்கள் எல்லாம் அன்றைய பிள்ளைகள் வீட்டில் பார்த்தவைதான். எழுதியவர் இதை நினைத்து எழுதினார் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் செத்தும் தொழில் ஓடாத ஒருவனைப் பார்த்துச் சிரிக்க அந்தப் பிள்ளைகளுக்கு அகராதி தேவைப்பட்டிருக்காது.

எழுதியவர் பாப் பிளாக். இந்த வகையில் அவர் தேர்ந்த கை. இதற்கு முன் தேம்ஸ் தொலைக்காட்சியில், ஹார்டுவேர் கடையில் கிடந்த பழைய பூவாளியிலிருந்து பூதம் கிளம்பும் கதையை எழுதியிருந்தார். அடுத்து மனித உருவ ரோபோக்கள். எண்பதுகளில் விண்வெளிக் கப்பல். எல்லாவற்றிலும் சூத்திரம் ஒன்றே: ஒரு சாதாரண இடம், அதற்குள் ஒரு அசாதாரண ஆசாமி, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கும் ஒருவர். அந்தப் பூதக் கதையில் முதல் சீசனுக்கு ஹியூ பேடிக் பூதம், இரண்டாவது சீசனுக்கு ஆர்தர் வைட் பூதம். ஆக, முகம் மாறினாலும் வண்டியை ஓட்டும் வித்தை பிளாக்குக்குப் புதிதில்லை. பூவாளியைத் தேய்த்தால் ஏதோ ஒரு பூதம் வரும், யாராக இருந்தால் என்ன?

மம்ஃபோர்டை அப்படி மாற்ற முடியாது. காரணம், அவனிடம் ஒரு ரகசியம் இருந்தது. அவன் செத்தது அவனுடைய அப்பா அம்மாவுக்குத் தெரியாது.

இந்த ஒரு வரியில்தான் முதல் சீசன்களின் உயிர் இருக்கிறது. ஒன்றுக்கும் உதவாத பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருக்கும் பெற்றோர் முன்னால் போய், பிழைக்கத் தெரியாதது போதாதென்று செத்தும் போய்விட்டேன் என்று எப்படிச் சொல்வது? அதனால் உயிரோடு இருப்பதுபோலவே நடந்துகொள்கிறான். ஒரு தொழிலாவது சரியாக நடந்துவிட்டால் சொல்லிவிடலாம் என்று ஏங்குபவன்போல அலைகிறான். ஜாக்சன் இதைப் பெரிதாகச் சோகம் பூசாமல் செய்தார். கொஞ்சம் படபடப்பு, கொஞ்சம் சமாளிப்பு, எப்போதும் யாரையாவது ஏமாற்றிக்கொண்டிருக்கும் நல்லவன் ஒருவனின் முகம். பிள்ளைகளுக்கு இது நன்றாகப் புரியும். மார்க் ஷீட்டை ஒளித்துவைத்துக்கொண்டு அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடும் பிள்ளைக்கு மம்ஃபோர்டின் நிலைமையை விளக்க வேண்டியதே இல்லை.

அவனுக்கு ஒரு பக்கம் டேவன்போர்ட். ஒழுக்கம், மரியாதை, உடை நேர்த்தி என்று விறைத்து நிற்கும் நூறு வருஷப் பழைய மனிதர். இருபதாம் நூற்றாண்டில் அவர் கண்ணில் படுவதெல்லாம் அவருக்கு அதிர்ச்சி. இன்னொரு பக்கம் திமோத்தி கிளேபோல், இடைக்காலத்து அரசவைக் கோமாளி. மணி வைத்த குல்லாய், குறும்பு, உதவுகிறேன் என்று கிளம்பி எல்லாவற்றையும் கவிழ்க்கும் மந்திரம். இந்த வேடத்தில் மைக்கேல் ஸ்டானிஃபோர்த். தலைப்புப் பாட்டை எழுதிப் பாடியவரும் அவர்தான்.

மூவரையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு குடும்பம்போல இருக்கும்: கண்டிக்கும் தாத்தா, அடங்காத பேரன், நடுவில் குடும்பப் பாரத்தைச் சுமக்கும் மகன். கிளேபோல் ஏதாவது செய்தால் டேவன்போர்ட் பதறுவார், மம்ஃபோர்ட் கையைப் பிசைவான். நாம் சிரிப்பது கிளேபோலின் மந்திரத்தைப் பார்த்து மட்டுமில்லை, அது யார் தலையில் விடிகிறது என்பதைப் பார்த்தும்தான்.

டார்பிஷயர் இறந்து ஜாக்சனும் போனபோது, இந்த ஏற்பாட்டில் தாத்தாவும் மகனும் ஒரே நேரத்தில் காணாமல்போனார்கள். ஒரு விநோதம் பாருங்கள். மற்றத் தொடர்களில் ஒரு நடிகர் விலகினால் அந்தப் பாத்திரத்தைச் சாகடித்துவிடலாம். படத்துக்கு மாலை போட்டு ஒரு சீன் அழுதுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். பேய்த் தொடரில் அந்த வசதி கிடையாது. எல்லாரும் ஏற்கெனவே செத்தவர்கள். இருந்தவர்கள் திடீரென்று இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு வேறொரு வழியை பிபிசியே கண்டுபிடித்து வைத்திருந்தது. 1966 இல் 'டாக்டர் ஹூ' என்ற அறிவியல் கற்பனைத் தொடரின் நாயகன் வில்லியம் ஹார்ட்னெல் விலகியபோது, அந்தப் பாத்திரமே உடம்பை மாற்றிக்கொள்ளும் ஜாதி என்று கதையில் எழுதி பாட்ரிக் ட்ரௌட்டனைக் கொண்டுவந்தார்கள். நடிகர் மாறுவதே கதையாகிவிட்டது. ட்ரௌட்டனின் கடைசிக் கதையான 1969 'தி வார் கேம்ஸ்'-இல் முக்கிய வில்லன்களில் ஒருவராக வந்தவர் எட்வர்ட் பிரேஷா. யார் என்று கேட்கிறீர்களா? நம் மீக்கர்தான், மம்ஃபோர்டுக்கு அறையை வாடகைக்கு விட்டவர். முகம் மாறும் வித்தையைப் பக்கத்தில் இருந்து பார்த்த மனுஷன், பத்து வருஷம் கழித்து அந்த வித்தை இல்லாத தொடரில் கூட்டாளிகளை இழந்து நின்றார்.

சரி, ரென்டாகோஸ்ட் என்ன செய்தது? இரண்டு வேலை செய்தது. முதலாவது, மீக்கரையும் அவர் மனைவி எதெலையும் நடுவீட்டுக்குக் கொண்டுவந்தது. வாடகை கேட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தவர் இப்போது நிறுவனத்தையே நடத்துகிறார். அவர் வீடே அலுவலகம். எதெலாக நடித்த ஆன் எமரி, கத்தலும் புலம்பலுமாக அந்த வீட்டை நிரப்பினார். பக்கத்து வீட்டில் பெர்கின்ஸ் தம்பதி. மீக்கர் வீட்டில் நடப்பதைப் பார்த்து இவர்களுக்குப் பைத்தியம் என்றே முடிவு கட்டியவர்கள். அப்புறம் கிறிஸ்டோஃபர் பிகின்ஸ் நடித்த பெரிய கடை முதலாளி ஆடம் பெயின்டிங்.

இரண்டாவது, புதுப் பேய்களை இறக்கியது. ஸ்காட்லாந்துச் சூனியக்காரி ஹேசல் மெக்விட்ச் வந்தாள். அதில் நடித்தவர் மோலி வியர், 1910 இல் பிறந்தவர், வானொலிக் காலத்திலிருந்தே பிரிட்டன் முழுக்கத் தெரிந்த குரல். பிறகு நாடியா போபோவ். இவளுக்குப் பூ என்றால் ஒவ்வாமை. தும்மினால் போதும், நின்ற இடத்திலிருந்து மறைந்து வேறெங்கோ போய்விடுவாள். நடித்தவர் சூ நிக்கோல்ஸ். 'காரனேஷன் ஸ்ட்ரீட்' என்ற நெடுந்தொடரைப் பார்த்தவர்களுக்கு அவர் எப்போதும் ஆட்ரி.

தும்மலைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம், ஏனென்றால் நடந்தது என்ன என்று அதுவே காட்டிக்கொடுக்கிறது. நாடியாவுக்கு முன்பே இதே ஒவ்வாமையோடு டமாரா நோவெக் என்றொரு பேய் இந்தத் தொடரில் இருந்தாள். அதில் நடித்தவர் லிண்டா மார்ஷல். பின்னாளில் லிண்டா லா பிளான்ட் என்ற பெயரில் 'பிரைம் சஸ்பெக்ட்' போன்ற போலீஸ் தொடர்களை எழுதிப் புகழ்பெற்றவர் இவர்தான். அவர் போனார். பெயர் மாறியது, முகம் மாறியது, தும்மல் மட்டும் அப்படியே நாடியாவிடம் வந்து சேர்ந்தது. பாப் பிளாக்கின் பூவாளிப் பூதம் திரும்பி வந்துவிட்டது என்று சொல்லலாம். இங்கே பாத்திரம் என்பதே தும்மல்தான், ஆளை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். மம்ஃபோர்டுக்குக் கிடைக்காத வசதி இது.

ஒரு தும்மலால் என்ன செய்ய முடியும்? முதல் தடவை சிரிப்பு வரும். பூங்கொத்தோடு யாராவது உள்ளே நுழைவதைப் பார்த்ததுமே பிள்ளைகள் அடுத்தது என்ன என்று தெரிந்து கூச்சல் போடுவார்கள், அதுவும் ஒரு சந்தோஷம். ஆனால் தும்மலுக்கு நேற்றும் இல்லை, நாளையும் இல்லை. நாடியாவுக்கு யாரிடமும் மறைக்க ஒன்றுமில்லை. மறைவதும் தோன்றுவதும் விட்டலாச்சார்யா படத்தில் வருகிற மாதிரி கேமராவை நிறுத்தி ஆளை நகர்த்தி எடுக்கிற பழைய வித்தை. மம்ஃபோர்ட் மறையும்போதும் அதே வித்தைதான். ஆனால் அவன் மறைந்தால், யார் கண்ணில் பட்டுவிடுமோ என்று நமக்குப் பக்கென்றிருக்கும்.

அடுத்து டாபின். பிரிட்டனில் கிறிஸ்துமஸ் சமயத்தில் 'பான்டமைம்' என்று ஒரு நாடக வகை போடுவார்கள். மௌன நடிப்பு என்று எண்ணிவிடாதீர்கள், இது ஒரே கூச்சல். ஆண் நடிகர் கிழவி வேஷம் கட்டுவார், பார்க்கிற பிள்ளைகள் "பின்னாடி பாரு, பின்னாடி பாரு" என்று மேடையைப் பார்த்துக் கத்துவார்கள், பல நாடகங்களில் ஒரு குதிரையும் வரும். நம் பொய்க்கால் குதிரையில் ஒரே ஆள்தான் இடுப்பில் குதிரையைக் கட்டிக்கொண்டு ராஜா மாதிரி ஆடுவார். இங்கே இரண்டு பேர். ஒருவர் தலையும் முன்னங்காலும், இன்னொருவர் குனிந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னங்கால். கிளேபோலின் மந்திரத்தால் அப்படியொரு துணிக்குதிரைக்கு உயிர் வந்துவிட்டது. அது பேசாது. தலையை ஆட்டும், உதைக்கும், நடனம் ஆடும். கடைசி சீசன்களில் தொடரின் நட்சத்திரமே அதுதான்.

டாபின் மேல் எனக்குக் கோபம் இல்லை. வீட்டுக்கு நடுவில் ஒரு துணிக்குதிரை சோபாவில் கால் மேல் கால் போட முயல்வது யாருக்கும் சிரிப்பு வரவைக்கும் காட்சி. ஆனால் அந்தக் குதிரை உள்ளே வந்தபோது பான்டமைமும் கூடவே வந்துவிட்டது. மம்ஃபோர்ட் காலத்தில் தொடர் ஒரு சின்ன நாடகம்: அறை, கதவு, பொய், அது வெளிப்படும் அபாயம். இப்போது அது கிறிஸ்துமஸ் மேடை. எல்லாரும் கத்துகிறார்கள், எல்லாரும் விழுகிறார்கள், எல்லாரிடமும் மந்திரம் இருக்கிறது. மந்திரம் இல்லாத மீக்கர் தம்பதி அடி வாங்குவதற்காகவே நிற்கிறார்கள். வீடே கோமாளிகளாக நிரம்பியபோது பாவம் கிளேபோலுக்குத்தான் வேலை போயிற்று. ஒரு அரசவையில் கோமாளி ஒருவன்தான் இருக்க முடியும். ஊறுகாயையே சோறாகப் பிசைந்து போட்ட கதை. ஸ்டானிஃபோர்த் கடைசி வரை இருந்தார், ஆடினார், பாடினார். அந்த உழைப்பு மட்டும் இல்லாவிட்டால் தொடர் இரண்டு வருஷம் முன்னாலேயே படுத்திருக்கும் என்பது என் கணிப்பு.

இவ்வளவு மாறியும் பிபிசி ஏன் இழுத்துக்கொண்டு போனது? பதில் சிறுவர் தொலைக்காட்சியின் கணக்கில் இருக்கிறது. பெரியவர்கள் தொடரைப் பத்து வருஷம் பின்தொடர்வார்கள். பிள்ளைகள் நாலைந்து வருஷத்தில் வளர்ந்து வேறு பக்கம் போய்விடுவார்கள். 1976 இல் எட்டு வயதில் மம்ஃபோர்டைப் பார்த்தவன் 1981 இல் பதின்மூன்று வயதுக்காரன், பேய் நிறுவனத்தைப் பார்ப்பதை வெளியே சொல்லிக்கொள்ளவே வெட்கப்படுவான். அந்த நேரத்தில் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு மம்ஃபோர்ட் என்று ஒருவன் இருந்ததே தெரியாது. அதற்கு ரென்டாகோஸ்ட் என்றால் ஹேசலும் குதிரையும்தான். போட்டியும் அதிகமில்லை. 1982 நவம்பரில் சேனல் ஃபோர் வரும்வரை நாட்டில் மொத்தமே மூன்று சேனல். பள்ளிவிட்டு வந்து டிவியைப் போட்டால் பிபிசி, இல்லாவிட்டால் ஐடிவி. தெரிந்த பெயர், தெரிந்த பாட்டு, தயாராக இருக்கும் செட்டு. இவ்வளவையும் வைத்துக்கொண்டு எந்த நிர்வாகி தொடரை நிறுத்துவார்?

அதனால்தான் இந்தத் தொடரின் 'வீழ்ச்சி' என்பது பார்த்தவரின் பிறந்த வருஷத்தைப் பொறுத்தது. 1968 இல் பிறந்தவருக்கு அது வீழ்ச்சி. 1975 இல் பிறந்தவருக்கு அதுவே பொற்காலம். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் முதல் சீசனையும் கடைசி சீசனையும் இன்று அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தால், எந்த வருஷம் பிறந்தவராக இருந்தாலும், ஒன்றில் ஒரு கதை இருப்பதும் மற்றொன்றில் கலாட்டா மட்டும் இருப்பதும் தெரியாமல் போகாது.

ஆள் மாறியும் தாங்கிய சிறுவர் நகைச்சுவைகள் உண்டு. அமெரிக்காவின் நிக்கலோடியன் என்ற சிறுவர் சேனலில் 1994 இல் தொடங்கிய 'ஆல் தட்' ஒரு துணுக்குத் தொடர், ஒரு பகுதிக்குள் பல குட்டி நாடகங்கள். தாங்கிய விதம் கொஞ்சம் வினோதம்: நிறுவனமே அதிலிருந்து பிள்ளைகளைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டது. கீனன் தாம்சனும் கெல் மிட்செலும் 1996 இல் தங்கள் பெயரிலேயே தனித் தொடருக்குப் போனார்கள். அமாண்டா பைன்ஸுக்கு 1999 இல் தனித் தொடர். அது நாற்றங்கால் மாதிரி, நாற்றைப் பறிக்கப் பறிக்க அங்கே என்ன மிஞ்சும்? 2000 இல் நின்றது. 2002 இல் முழுக்கப் புது முகங்களோடு திரும்பி 2005 வரை போனது. பழைய கூட்டத்துக்கு இருந்த பேர் அதற்கு வரவில்லை. ஆனாலும் துணுக்குத் தொடரில் ஒருவர் போனால் ஒரு வேடம்தான் போகும். வீட்டின் தூண் சாய்வதில்லை.

பிபிசியிலேயே 2009 இல் வந்த 'ஹாரிபிள் ஹிஸ்டரீஸ்' இன்னொரு உதாரணம். டெர்ரி டியரியின் புத்தகங்களை வைத்துச் சரித்திரத்தின் நாற்றம் பிடித்த மூலைகளைத் துணுக்குகளாக்கிய தொடர். பெரியவர்களின் நிகழ்ச்சிகளோடு போட்டி போட்டு பிரிட்டிஷ் காமெடி விருதில் சிறந்த துணுக்குத் தொடராக வந்தது. 2013 இல் ஐந்தாவது சீசனோடு மேத்யூ பேன்டன், ஜிம் ஹோவிக், மார்த்தா ஹோவ்-டக்ளஸ், சைமன் ஃபார்னபி, லாரன்ஸ் ரிக்கர்ட், பென் வில்பாண்ட் ஆகிய ஆறு பேரும் கிளம்பினார்கள். 2015 இல் புதுக் குழுவோடு தொடர் திரும்பியது, இன்றும் பெயர் சொல்லும்படி இருக்கிறது. ஆனால் பழைய ரசிகர்களின் கண் அந்த ஆறு பேரின் பின்னால் போய்விட்டது. போன ஆறு பேர் சேர்ந்து என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

2019 இல் அவர்கள் பிபிசி ஒன்னில் 'கோஸ்ட்ஸ்' என்று ஒரு தொடர் கொண்டுவந்தார்கள். ஒரு பழைய மாளிகை, வெவ்வேறு நூற்றாண்டுகளில் செத்த பேய்கள், அந்த வீட்டுக்குக் குடிவரும் ஒரு தம்பதி. ரென்டாகோஸ்டுக்குச் சொந்தம் என்று யாரும் சொல்லாமலே தெரியும். இது பெரியவர்களுக்கான தொடர், வாடகைக்கு விடும் நிறுவனம் இல்லை, துணிக்குதிரையும் இல்லை. ஒவ்வொரு பேய்க்கும் செத்த கதை ஒன்றும், விட்டுவிட்டு வந்தவர்கள் சிலரும் இருக்கிறார்கள்.

அதில் ஜிம் ஹோவிக் செய்யும் பாட் என்பவர் சாரணர் குழுத் தலைவர். பிள்ளைகளுக்கு வில்வித்தை சொல்லிக்கொடுக்கும்போது கழுத்தில் அம்பு பாய்ந்து செத்தவர். அம்பு இன்னும் கழுத்தில்தான் இருக்கிறது. அவர் செத்த வருஷம் 1984, ரென்டாகோஸ்ட் முடிந்த அதே வருஷம். தற்செயலாகத்தான் இருக்கும். ஒவ்வொரு வருஷமும் அவர் நினைவு நாளில் மனைவியும் மகனும் அந்த மாளிகைத் தோட்டத்துக்கு வருகிறார்கள். பாட் அரைக்கால் சட்டையும் கழுத்து ஸ்கார்ஃபுமாக அவர்கள் பக்கத்தில் போய் நிற்கிறார். அவர்கள் கண்ணுக்கு அவர் தெரிவதில்லை. மகனுக்கு இப்போது வயது ஏறிவிட்டது, கூடவே ஒரு குழந்தை. அந்தக் குழந்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்: பாட்.